பாடக் கூடாத பலாமரம்: டெல்டா வீட்டுக்குச் செய்த ஓர் இசைப் பேழை

ஆடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரர் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா நாகஸ்வரக்காரர். தாத்தா விட்டுப்போன, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகள், இவர் வாங்கிச் சேர்த்த எல்பி என்ற நெடுநேரத் தட்டுகள், 33, 45, 78 என மூன்று வேகத்திலும் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், இஎல்34 என்ற வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) நான்கு போட்ட ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர். இவ்வளவுக்கும் ஓர் இருப்பிடம் வேண்டும். அது கூடத்தில் நாலு பேர் பார்க்கிற சிற்ப வேலையாகவும் இருக்க வேண்டும். இதுதான் அவர் கேட்டது.

வடிவமைப்பு என் பொறுப்பு. செதுக்கல், தஞ்சாவூரில் வீணை செய்யும் கலைஞர் ஒருவருடையது. சட்டம், தட்டு, கதவு எல்லாம் கும்பகோணத்துத் தச்சர். சிற்ப வேலை செய்த கேபினட் என்றாலே, சாதாரணப் பெட்டியின் முகப்பில் கொடிக்கருக்கை ஒட்டித் தருவது என்று இப்போது வழக்கமாகிவிட்டது. இந்த வேலையில் ஒவ்வொரு செதுக்கலும் ஒரு காரியத்துக்காக வந்தது. அந்த முடிவுகளை எப்படி எடுத்தோம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முன்பு இருந்தது

அதற்கு முன் எல்லாமே ஒரு ரெடிமேட் ஷோகேஸில் இருந்தன. துகள்பலகையில் செய்து மேலே லேமினேட் ஒட்டியது, முன்னால் கண்ணாடிக் கதவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் துகள்பலகையின் அடி ஓரம் ஊறி உப்பிவிட்டது. சுவரை ஒட்டி நின்றதால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவரின் ஓதம் நேராகப் பின்பலகையில் ஏறியது. எல்பி உறைகளில் பூஞ்சை. ஆம்ப்ளிஃபயரில் கப்பாசிட்டர்கள் இரண்டு முறை போயின.

கப்பாசிட்டர் ஏன் போனது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. இஎல்34 வால்வின் இழை 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கும். அதாவது ஒரு வால்வுக்கு ஏறத்தாழ 9.5 வாட். நான்குக்கு 38 வாட். இது இழையைச் சூடாக்க மட்டும். இதோடு ஒவ்வொரு வால்வின் ஆனோடும் (உள்ளே இருக்கும் நேர்மின் தகடு) 25 வாட் வரை வெப்பமாக வெளியே விடலாம். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நூறு வாட்டுக்கு மேல் சூடு வந்துகொண்டே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் அடைத்தால் என்ன ஆகும்? மின்பகுளிக் கப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. சித்திரை வெயிலில் டெல்டா வீட்டுக் கூடமே 35 டிகிரியைத் தாண்டுகிறது. சரி, மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறை காதுக்குத் தெரிந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஸ்பீக்கரில் அடித்தொண்டை ஊளை ஒன்று கிளம்பும். ஸ்பீக்கர் அதே ஷோகேஸின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் அதிர்வு பலகை வழியாக டர்ன்டேபிளுக்குப் போய், முள் அதையும் சேர்த்துப் படித்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பியது.

மரம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கூடவே பலாவும் மாவும் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த பலாக் கட்டைகள் சிலவற்றை வீணைக் கலைஞர் வாங்கி, முனைகளில் மெழுகு பூசிக் கொட்டகை நிழலில் அடுக்கி வைத்திருந்தார். வைரம் பாய்ந்த பெரிய கட்டைகள். அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்த மரம் ஆண்டுகள் போகப் போகத் தேன்பழுப்புக்கு வந்திருந்தது.

வீணைக்குப் பலா, தவில் கட்டைக்குப் பலா, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா என்று இந்த மண்ணில் மரத்தையும் இசையையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால்தான் வீட்டுக்காரரும் பலாவிலேயே வேண்டும் என்றார். “வீணை செய்யற மரம் தம்பி, பாட்டுக்கு நல்லா இருக்கும்ல?” என்று கேட்டார்.

ஆனால் இந்த வேலையின் முடிச்சே அங்கேதான் இருந்தது. வீணைக்குடத்தின் சுவரைக் குடைந்து குடைந்து மெலிதாக்குவது, தந்தி அசையும்போது மரமும் சேர்ந்து அதிர வேண்டும் என்பதற்காக. இசைத்தட்டு ஓடுகிற பெட்டி அதிர்ந்தால் கேடு. தட்டின் பள்ளத்தில் இருக்கும் நெளிவுகள் மைக்ரான் கணக்கில் அளக்கிற அளவு நுண்மையானவை. முள்ளுக்குப் பள்ளத்தின் அசைவு எது, பலகையின் அசைவு எது என்று பிரிக்கத் தெரியாது. பெட்டி பாடினால், ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தோடு பெட்டியின் குரலும் சேர்ந்துதான் வரும்.

கேபினட்டின் இரு முனைகளும் ஒற்றைக் கட்டையில் குடைந்த பெரிய வளைவுகள். இடது முனை பாதி குடைந்த நிலையில் பட்டறைக்குப் போனேன். கலைஞர் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, விரல் முட்டியால் மரத்தின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். கணீரென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் நின்று அடங்கியது.

“பாத்தீங்களா, குரல் வந்துடுச்சு. இன்னும் ஒரு விரக்கடை எடுத்தா நல்லாப் பாடும்.”

“அண்ணே, இது பாடவே கூடாது. தட்டினா செவிடா இருக்கணும்.”

டர்ன்டேபிள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னேன். அவர் கட்டையைச் சுற்றி வந்து, ஒவ்வோர் இடமாகத் தட்டிக் கேட்டார். பிறகு சொன்னது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்: “ஒரு வீணையைச் செவிடாக்குறது எதெதுன்னு எங்களுக்குத் தெரியும். சுவர் ஒரே கனமா இல்லாம போறது, அடியில கனம் தங்குறது, உள்ள விலா விடுறது. அதையெல்லாம் வராம பாத்துப் பாத்துத்தான் வேலை செய்வோம். இதுல அத்தனையையும் வேணும்னே செஞ்சிடலாம்.”

அப்படியே செய்தார். உட்சுவர் 3 செ.மீ.யில் இருந்து 5 செ.மீ. வரை இடத்துக்கு இடம் மாறும். உள்ளே நான்கு விலாக்களைக் குடையாமல் விட்டார். அடிப்பகுதியில் கட்டையின் கனம் முழுசாக நிற்கிறது. அடிக்குழிவில் காய்ந்த மணலை நிரப்பி மூடினோம். வளைந்த சுவர் தட்டையான பலகையைவிட விறைப்பாக நிற்கும். கனம் சீராக இல்லாததால் ஒரே சுருதியில் ஒலிக்கவும் வழியில்லை. முடிந்ததும் அதே இடத்தில் தட்டினார். ‘டொக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்தபோது, வீணை செய்கிறவரைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்திருக்க முடியாது என்று தோன்றியது.

உள்தட்டுகளுக்குப் பலா வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். 12 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி, ஓரத்துக்குப் பலாச் சட்டம் அடித்தோம். கைவேலைப் பொருளில் பிளைவுட்டா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மரம் இழைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். தேக்கு இதில் அடக்கமான மரம். அதிலேயே ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் பலகையின் அகலம் 0.19 சதவீதம் வரை மாறும். மார்கழி ஈரத்துக்கும் பங்குனிக் காய்ச்சலுக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால், 40 செ.மீ. பலகை 3 மி.மீ. விளையாடும். வீட்டுக்காரர் கூடத்தில் ஏசி வேறு போட்டிருக்கிறார். டர்ன்டேபிள் நிற்கும் தட்டு முறுக்கிக்கொண்டால் மட்டம் போய்விடும். அதனால் முறுக்காத இடத்தில் பிளைவுட், கண்ணும் கையும் படும் இடத்தில் பலா. கதவுப் பலகைகளைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் மிதக்க விட்டோம், இரு பக்கமும் இடைவெளி வைத்து.

வடிவம் எங்கிருந்து வந்தது

10 அங்குல 78 தட்டு ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். எல்பி ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் போகும். எல்பி கேட்பவர் உட்கார்ந்து கேட்கலாம். 78 கேட்பவர் எழுந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். அறுபது தாண்டியவர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை குனிவது முடியாத காரியம். எனவே டர்ன்டேபிள் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். 15 செ.மீ. கால், எல்பி அறை 34 செ.மீ., அதற்கு மேல் 10 அங்குலத் தட்டுகளின் அறை 28 செ.மீ., இடையே வரும் பலகைகளின் கனத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 85 செ.மீ. அது சரியாக அமைந்தது.

ஆம்ப்ளிஃபயரோ தாழ்ந்து இருந்தால் நல்லது, மேலே காற்றுக்கு இடம் கிடைக்கும். இரண்டும் தள்ளியும் இருக்க வேண்டும். முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட். அதை ஃபோனோ எனும் முன்பெருக்கிப் பகுதி சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் பதிவின்போது குறைத்து வைத்த அடிசுரங்களை அது மறுபடி தூக்கிக் கொடுக்கும்போது, 50 ஹெர்ட்ஸ் பகுதிக்கு இன்னும் 7 மடங்கு கூடுதல். நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் கார்ட்ரிட்ஜை வைத்தால் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் விடாது. ஆகவே டர்ன்டேபிள் இடது கோடி, ஆம்ப்ளிஃபயர் வலது கோடி, நடுவில் இசைத்தட்டுகள். ஒரு அடி நீளத்துக்கு அடுக்கிய எல்பிகளின் எடை சுமார் 15 கிலோ. 78 என்றால் இன்னும் கூடும். அந்தக் கனம் நடுவில் உட்கார்ந்து முழுக் கேபினட்டையும் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயர் அறைக்கும் இசைத்தட்டு அறைக்கும் இடையே மட்டும் இரட்டைப் பலகை வைத்து, நடுவே காற்றிடைவெளி விட்டோம், வினைல் சூட்டுக்கு வளைந்துவிடும் என்பதால்.

இப்படி இடது உயரம், வலது தாழ்வு என்று ஆனதும் மேல்விளிம்பு தானாகவே ஒரு நீண்ட சரிவாக அமைந்தது. வீணையின் முனையில் வருவது போல, கேபினட்டின் இரு முனைகளிலும் யாளி உண்டு. அந்தச் சரிவைப் பார்த்துத்தான் கலைஞர் இரண்டு யாளிகளையும் இரண்டு விதமாகச் செய்தார்: இடது யாளி தலை நிமிர்ந்து நிற்கிறது, வலது யாளி பதுங்கி முன்னே பார்க்கிறது. வீணையின் யாளி எப்போதும் ஒரே பாவனையில்தான் இருக்கும். இங்கே உடல் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் கழுத்தின் தசை, பிடரியின் சுருள் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. வலது யாளியின் தோள்பட்டையில் தோல் மடிந்து திரளும் இடத்தைக் கட்டாயம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பலாவின் இழை அங்கே சரியாக மடிப்போடு சேர்ந்து ஓடுகிறது. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவர் தேர்ந்த இடம் அது.

யாளி வாய்

“யாளி வாயில ஸ்பீக்கரை வச்சுட்டா என்ன தம்பி?” என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்தக் காலத்து ரேடியோகிராம் மாதிரி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ரேடியோகிராமில் அது நடந்தது. டர்ன்டேபிள் ஸ்பிரிங்கின் மேல் மிதக்கும், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் பல கிராம் பாரத்தோடு முள்ளை அழுத்தும், ஸ்பீக்கரும் ஆழமான அடிசுரம் தராது. இப்போதைய கருவிகளில் முள்ளின் பாரம் குறைவு, ஸ்பீக்கர் கீழே வரை இறங்கும். பழைய ஷோகேஸின் ஊளை திரும்பி வந்துவிடும். ஸ்பீக்கர்கள் கேபினட்டைத் தொடாமல் தனி ஸ்டாண்டில் நிற்கும் என்று முடிவானது.

ஆனால் யாளி வாய் என்ற யோசனை வீணாகவில்லை. வலது யாளியின் தொண்டை வழியாக ஆம்ப்ளிஃபயரின் சூட்டை வெளியேற்றினோம். கீழே கதவில் பலகணி. குளிர்ந்த காற்று அதன் வழியே உள்ளே வரும். சூடான காற்று மேலெழுந்து, பின்பக்கம் முழு நீளத்துக்கும் விட்ட 5 செ.மீ. இடைவெளி வழியாகவும் யாளியின் வாய் வழியாகவும் போகும். பெரும்பங்கு பின்பக்கத்தில்தான் போகிறது. ஆனால் வால்வு சூடேறிய பிறகு யாளியின் வாய்க்கு முன்னால் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும்.

பலகணியில் ஒரு நுட்பம் இருக்கிறது. 25 மி.மீ. கனமுள்ள பலகையில் சின்னச் சின்ன ஓட்டை போட்டால் அது சல்லடை மாதிரித் தெரியுமே தவிர, காற்று திணறும். ஓட்டையைப் பெரிதாக்கவும் முடியாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வால்வுக் கண்ணாடி தோலைப் பொசுக்கும், உள்ளே நானூறு வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கிறது. கலைஞர் முன்பக்கம் 8 மி.மீ. அகலத்துக்கு இலை வடிவம் வெட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொரு இலையையும் சாய்த்து விரித்துவிட்டார். முன்னால் பார்த்தால் நெருக்கமான கொடி. பின்னால் திருப்பினால் ஒவ்வொரு துளையும் புனலாக அகன்று, மரம் முன்விளிம்பில் மெல்லியதாக மட்டும் நிற்கிறது. கதவைத் திறந்து பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தும் அங்கேயும் உளித்தடம் ஒரே சாய்வில் இருக்கிறது.

அப்புறம் பல்லி. இரவில் வெதுவெதுப்பைத் தேடி வரும் பல்லி, எறும்பு, வயரைக் கடிக்கும் எலி மூன்றும் டெல்டா வீட்டில் கருவிகளுக்குப் பெரிய எதிரிகள். யாளியின் தொண்டைக்குள்ளும் பின் இடைவெளியிலும் துருப்பிடிக்காத எஃகு வலை பொருத்தினோம்.

இடது யாளியின் வாய்க்குள் வழி கிடையாது. அங்கே ஒரு சிறு மரப்பெட்டி செருகி நிற்கிறது. 78-இன் அகலப் பள்ளத்துக்கு 70 மைக்ரான் அளவுள்ள முள் வேண்டும். எல்பிக்கு 18 மைக்ரான் போதும். எல்பி முள்ளை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசித் தேயும். ஒன்று டோன் ஆர்மில் இருக்கும்போது மற்றது அந்தப் பெட்டியில்.

மணலும் கல்லும்

டர்ன்டேபிளுக்கு அடியில் 4 செ.மீ. ஆழத்தில் ஒரு தட்டம். சலித்து, கழுவி, அடுப்பில் வறுத்து ஈரம் போக்கிய ஆற்றுமணல் அதில் நிரம்பியிருக்கிறது. வீட்டில் முன்பு கட்டட வேலைக்கு வாங்கி மீந்தது. மணலின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஒரு கடப்பாக்கல் பலகை, எந்த ஓரத்திலும் மரத்தைத் தொடாமல். கல்லுக்குக் கனம் உண்டு, ஆனால் தனியாக வைத்தால் கணீரென்று ஒலிக்கும். மணலின் மேல் கிடந்தால் அந்த ஒலி மணல்துகள்களின் உரசலில் செத்துப்போகும்.

சோதித்துப் பார்க்கும் முறை எளிது, யாரும் வீட்டில் செய்யலாம். தட்டைச் சுழலவிடாமல், முள்ளை மெதுவாக அதன் மேல் இறக்குங்கள். சத்தத்தை வழக்கமாகக் கேட்கும் அளவுக்குக் கூட்டி, மேசையை விரலால் தட்டுங்கள். பழைய ஷோகேஸில் அது ஸ்பீக்கரில் தவில் தொப்பியை அடித்தது போலக் கேட்டது. புதியதில் பக்கவாட்டு மரத்தைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை; கடப்பாக்கல்லையே தட்டினால் மட்டும் தூரத்தில் லேசாக ஏதோ.

கால்கள் நான்கும் கருங்கல் பாதத்தின் மேல் நிற்கின்றன. முற்றத்து மரத்தூண்களுக்குக் கீழே நம் முன்னோர் கல் வைத்தது ஓதத்துக்கும் கறையானுக்கும் பயந்துதான். சுவரில் இருந்து மூன்று அங்குலம் தள்ளி வைத்ததும் அதற்காகவே.

அரக்கும் அரக்கும்

மெருகுக்கு அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினோம். பலாவின் தேன்நிறத்தை அது ஒன்றுதான் கெடுக்காமல் எடுத்துக் காட்டுகிறது. ஆனால் 78 தட்டும் அரக்கோடு கனிமப்பொடி கலந்து வார்த்ததுதான். நம் நாட்டில் 1960-களிலும் அவை வந்துகொண்டிருந்தன. மரத்தின் மேல் அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட், தட்டின் பள்ளத்தையும் கரைத்துவிடும். எனவே மெருகு நன்றாகக் காய்ந்து வாசம் முற்றிலும் போகும்வரை ஒரு தட்டைக்கூட உள்ளே வைக்கவில்லை. எல்பி துடைக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். 78-ஐ அவற்றால் துடைத்தால் அதோடு முடிந்தது. இதை ஒரு சீட்டில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும், சாய்த்து வைத்தாலும் நாளாவட்டத்தில் வளையும். அதனால் 78 அறைகளை 15 செ.மீ.க்கு ஒரு தடுப்பு வைத்துக் குறுக்கினோம், தட்டுகள் நேராக நிற்கட்டும் என்று. 10 அங்குலமும் 12 அங்குலமும் ஒரே அறையில் கலக்கக் கூடாது. பெரிய தட்டின் மேல் அழுத்தம் ஒரு பக்கமாக விழும். தாத்தாவின் தட்டுகளில் பாதிக்கு உறை இல்லை. அமிலமில்லாத தாளில் புதிய உறை வெட்டினோம்.

மழைக்குப் பின்

ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்கக் கழிந்த பிறகு போய்ப் பார்த்தோம். நடுக் கதவு ஒன்று கீழ்ச்சட்டத்தில் உரசுகிறது. பலகை காடிக்குள் நகர்ந்திருக்கிறது, வெடிக்கவில்லை. தச்சர் கீழ்விளிம்பை மட்டும் இழைத்துக் கொடுத்தார். இடது முனைக்கட்டையின் அடியில் மயிரளவு ஒரு வெடிப்பு, கணுவை ஒட்டி. அவ்வளவு பெரிய ஒற்றைக் கட்டையில் அது எதிர்பார்த்ததுதான். கலைஞர் அதை மெழுகும் கரிப்பொடியும் கலந்து நிரப்பினார், வீணைக்கு மேளம் கட்டும் (மெட்டுகளைப் பதிக்கும்) அதே மெழுகு. உறைகளில் புதிய பூஞ்சை இல்லை. மாலை முழுவதும் ஆம்ப்ளிஃபயர் ஓடிய பிறகும் அதன் மேல்பலகையில் உள்ளங்கையை வைத்திருக்க முடிகிறது.

அன்று வீட்டுக்காரர் போட்டது பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி. தட்டின் தேய்மானச் சத்தம் இருந்தது, கீறல் இருந்தது. காந்தாரத்தில் அவர் நின்று அசைக்கும் இடம் பெட்டியின் குரல் எதுவும் சேராமல் தனியாக வந்தது. நாங்கள் நாலு பேரும் பேசாமல் கேட்டோம். தட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் எழுந்தார், குனியாமலே திருப்பிப் போட்டார்.

மீதிக் கட்டையில் ஸ்பீக்கர் ஸ்டாண்டு செய்யக் கேட்டிருக்கிறார். தண்டு உள்ளே குடைந்து மணல் நிரப்பியதாகவே இருக்கும். ஆனால் இந்த முறை மணல் நிரப்பும் துளையை மேலே வைத்து, கழற்றக்கூடிய மூடி போடப் போகிறோம். கேபினட்டின் அடிக்குழிவை நிரந்தரமாக மூடிவிட்டதால், மணலைக் கூட்டிக் குறைத்துக் கேட்டுப் பார்க்க வழியில்லை. ஸ்பீக்கருக்கு எவ்வளவு மணல் என்பதைக் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.